பொட்டல் என்று எழுதும் முன்

சித்திரை மாத மத்தியானத்தில் நாகமலை அடிவாரத்தில் போய் நின்றால் கண்ணுக்குத் தெரிவது செம்மண், சரளைக்கல், இடுப்பளவு முள், ஆட்டுத்தடம். அவ்வளவுதான். நிலத்தைக் கணக்கெடுக்க வந்தவர் அந்த நேரத்தில் வந்திருந்தால் 'தரிசு, முட்புதர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதே இடத்துக்குக் கார்த்திகைக் கடைசியில் போய், ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். விஷ்ணுகிரந்தி, ஓரிதழ் தாமரை, தும்பை, கொழுஞ்சி, மூக்கிரட்டை, கீழாநெல்லி, நெருஞ்சி, இரண்டு மூன்று வகைப் புல், ஒரு கோரை என்று அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளேயே பத்துக்கு மேல் எண்ணலாம். சித்திரையில் இவை செத்துப்போய்விடவில்லை. சில விதையாக, சில கிழங்காக, சில வேராக மண்ணுக்குள் இருந்தன. பார்க்க வந்த ஆள்தான் தப்பான மாதத்தில் வந்தார்.

இந்தியாவின் பல்லுயிர் வளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் சோலைக்காட்டுக்கும் புலிக்கும் போய்விடுகிறார்கள். மதுரைக்காரர்களே கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் போனால்தான் இயற்கையைப் பார்த்ததாக நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டரில் இருக்கிற முள்காடும் கண்மாயும் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராத நிலத்தைத்தான் முதலில் தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், 'பசுமையாக்குகிறோம்' என்று குழி பறிக்கிறார்கள். அதனால் எப்படிக் கணக்கெடுப்பது, எங்கே தப்பு நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நாடு எவ்வளவு பெரிய கலவை என்பதைச் சொல்லிவிடலாம். உலக நிலப்பரப்பில் இந்தியாவின் பங்கு 2.4 விழுக்காடு. பதிவான உயிரினங்களிலோ ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு இங்கே இருக்கிறது. பறவைகள் மட்டும் 1,300 வகைக்கு மேல். உலகம் முழுவதும் பல்லுயிர் செறிந்து, அதே சமயம் ஆபத்திலும் இருக்கிற 36 பகுதிகளைக் குறித்திருக்கிறார்கள். அவற்றில் நான்கு இந்தியாவைத் தொடுகின்றன: இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கை உள்ளடக்கிய இந்தோ-பர்மா, நிக்கோபார் தீவுகள் சேர்ந்த சுந்தாலாந்து. லடாக்கின் குளிர்ப் பாலைவனத்தில் கருங்கழுத்துக் கொக்கு முட்டையிடுகிறது. ஜெய்சல்மேர் பக்கம் கானமயில் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேகாலயாவின் மாசின்ராமில் ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை.

இந்த நாட்டை உயிர்ப்புவியியல் அறிஞர்கள் பத்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் மூன்று மதுரையிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. நாம் நிற்பது தக்காணத்தின் தென்கோடி. மேற்கே கொடைக்கானல் போனால் மேற்குத் தொடர்ச்சி மலை, 2,000 மீட்டருக்கு மேல் சோலையும் புல்வெளியும். கிழக்கே மண்டபம் போனால் கடற்கரை மண்டலம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், பவளப்பாறை, மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேயும் கடற்புல். தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், சாம்பல் நிற மலை அணில். காலையில் புல்வெளியில் பனி பார்த்துவிட்டு மறுநாள் காலையில் பவளத்தின் மேல் கண்ணாடிப் படகில் போகலாம். இந்தியாவிலேயே இப்படி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பெரிய ஊர்கள் அதிகமில்லை.

இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு வேறுபாடு வரக் காரணம் மழை. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போதே நீரைக் கொட்டிவிடுகிறது. அங்கே பல இடங்களில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மலையைக் கடந்து நம் பக்கம் இறங்குவது ஆடிக்காற்று மட்டும்தான். மதுரைக்கு ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் மழை. அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வந்துவிடும். இங்குள்ள செடி, பூச்சி, தவளை, பறவை எல்லாமே அந்த மூன்று மாதத்தை வைத்துத்தான் ஆண்டைத் திட்டமிடுகின்றன. கண்மாய்களைக் கட்டியவர்களும் அப்படித்தான் திட்டமிட்டார்கள்.

முள்காட்டுக்குள்ளே

உசிலை, வெள்வேல், குடைவேல், கிளுவை, விராலி, ஆவாரை, காரை, சூரை, அழிஞ்சில், நுணா. நாகமலை, யானைமலை, அழகர்மலை அடிவாரங்களில் இவைதான் அடிப்படை. உசிலம்பட்டியின் பெயரில் நிற்பது இதே உசிலைதான், இதன் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. இந்த மரங்கள் உயரமாக வளராது, நிழல் அடர்த்தியாக விழாது. நடுநடுவே வெயில் நேரே மண்ணில் படும் திறந்த வெளி இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது காலி இடமாகத் தெரிகிறது. உண்மையில் இந்தக் காட்டின் பாதி உயிர் அந்த வெளியில்தான் இருக்கிறது.

விசிறித்தொண்டை ஓணானை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீள உடம்பு, மண் நிறம். ஆண் ஓணான் ஒரு சின்னக் கல்லின்மேல் ஏறிக் கழுத்துக்குக் கீழே இருக்கும் தோலை விசிறிபோல் விரித்து மூடி விரித்து மூடிக் காட்டும். பெண் ஓணானும் போட்டி ஆணும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் வெளி திறந்திருக்க வேண்டும். நிழல் மூடினால் இதற்கு வேலை இல்லை. தென் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து இந்த இனத்தில் ஒரு புது வகையை 2016-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். வைத்த பெயர் சிட்டானா மருதம்நெய்தல். திணைப் பெயரையே உடம்பில் சுமக்கிற ஓணான். நம் கால்மாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்கு 2016 வரை பெயர் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதே திறந்த வெளியில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடும். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை, நாலைந்து கல் நடுவே சின்னப் பள்ளம். கவுதாரி, வானம்பாடி, பக்கி, நட்சத்திர ஆமை, உடும்பு எல்லாம் இந்தத் தரையை நம்பியவை.

இப்போது இங்கே மரக்கன்று நடுவதற்கு ஜே.சி.பி. கொண்டு வந்தால் என்ன ஆகும்? குழி தோண்டும்போது மேல்மண் புரளுகிறது. அந்த இரண்டு அங்குலத்தில்தான் விதைகள் எல்லாம் இருக்கின்றன. வாகனம் போன தடத்தில் மண் இறுகி மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடுகிறது. நட்ட புங்கனும் வேம்பும் முதல் கோடையில் தண்ணீர் லாரி நின்றதும் காய்கின்றன. புரண்ட மண்ணில் அடுத்த மழைக்கு முளைப்பது சீமைக்கருவேலம். மூன்று வருடத்தில் முள்காடும் போய், நட்ட மரமும் போய், ஒற்றைச் செடிக் காடு நிற்கும். நல்ல மனதோடு செய்யும் வேலை இப்படி முடிவதுதான் அதிகம் வலிக்கிறது.

இந்தத் தவறு மலைமேலும் நடந்ததுதான். பழனி மலைப் புல்வெளிகளை வீண் நிலம் என்று எண்ணி வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டார்கள். தோப்புகளும் விவசாயமும் சேர்ந்து நாற்பது ஆண்டுகளில் அந்தப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டன என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். பூக்கப் புல்வெளி மிச்சமிருக்க வேண்டும்.

கணக்கெடுப்பது எப்படி

ஒரு இடத்துக்கு ஆண்டில் குறைந்தது நான்கு முறை போக வேண்டும். ஒரே முறை போய் எழுதிய பட்டியலை நம்பக் கூடாது. நவம்பர்–டிசம்பர் செடிகளுக்கும் தவளைகளுக்கும், ஜனவரி–பிப்ரவரி வலசைப் பறவைகளுக்கும், ஏப்ரல்–மே மரங்களின் பூ காய்க்கும் தரையில் கூடு வைக்கும் பறவைகளுக்கும், ஜூலை–ஆகஸ்ட் காற்றுக்காலத்துக்கு. கடைசிச் சுற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

செடிகளுக்குக் கட்டம் போடும் முறை பழையது, நம்பகமானது. மரங்களுக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதன் ஒரு மூலையில் புதர்களுக்கு 5-க்கு 5, அதற்குள் சிறு செடிகளுக்கு 1-க்கு 1. நைலான் கயிறு, நான்கு முளைக்குச்சி, அளவு நாடா போதும். பாதையோரமாகவே கட்டம் போட்டுக்கொண்டு போவது பெரிய தவறு. பாதையோரத்தில் குப்பைமேனியும் நாயுருவியும் உண்ணிச்செடியும்தான் அதிகம் இருக்கும், அவை மனித நடமாட்டத்தைத் தொடர்ந்து வருபவை. பாதையிலிருந்து குறைந்தது 20 மீட்டர் உள்ளே போங்கள். நேர்கோட்டில் 50 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துக் கட்டம் போட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் சேர்ந்த பெயர்களை மட்டும் தனியே எண்ணுங்கள். கடைசி மூன்று கட்டத்தில் புதுப் பெயர் அநேகமாக வரவில்லை என்றால் அந்த வகை நிலத்துக்குப் போதும். இன்னும் வந்துகொண்டே இருந்தால் கட்டம் போதவில்லை.

பெயர் தெரியாத செடிக்கு ஒரு போட்டோ எடுத்துவிட்டு 'இது என்ன?' என்று குழுவில் போட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்து படம் வேண்டும்: முழுச் செடி, தண்டு அல்லது பட்டை, கிளையில் இலை அமர்ந்திருக்கும் விதம், இலையின் அடிப்புறம், பூ அல்லது காய் பக்கவாட்டிலும் நேராகவும். இலையை ஒட்டி 15 செ.மீ. ஸ்கேல் வைத்துவிடுங்கள். இலையின் அடிப்புறத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள், பல குடும்பங்களில் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முள் மரங்களில் குழப்பம் அதிகம் என்பதால் இதை மட்டும் விரித்துச் சொல்கிறேன். கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, காய் மணிமாலைபோல் ஒவ்வொரு விதைக்கும் நடுவே இடுங்கியிருக்கும், மேலே சாம்பல் பூத்த மாதிரி. சீமைக்கருவேலத்தின் பூ உருண்டை இல்லை, விரல் நீளக் கதிர். காய் வெளிறிய மஞ்சள், தட்டையாக லேசாக வளைந்திருக்கும், கடித்தால் இனிக்கும். வெள்வேலுக்குப் பட்டை வெளுப்பு, வெளிர்மஞ்சள் உருண்டைகள் கிளை நுனியில் கொத்துக் கொத்தாக நிற்கும். குடைவேலைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம், மேல்பகுதி குடைபோல் தட்டை, காய் சுருண்டிருக்கும். பூவும் காயும் இல்லாதபோது முள்ளை மட்டும் வைத்து எழுதாதீர்கள். 'வேல மரம், வகை தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மையான பதிவு.

இரவு நடைக்கு ஒரு எச்சரிக்கை. அழகர்மலை, நத்தம், அய்யலூர், கடவூர் பக்கத்தில் தேவாங்கு இருக்கிறது. கடவூரைச் சுற்றிக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-ல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள், நாட்டில் இந்த விலங்குக்கென முதல் சரணாலயம். கால் கிலோ அளவே எடையுள்ள விலங்கு, பூச்சி தின்று வாழ்கிறது, கிளையிலிருந்து கிளைக்குத் தாவாது, பிடித்துப் பிடித்துத்தான் போகும். இரண்டு புதருக்கு நடுவே இடைவெளி விழுந்தால் தரையில் இறங்க வேண்டும், இறங்கினால் நாயோ வண்டியோ. ஆகவே பாதையை அகலப்படுத்துவதே அதற்குச் சாவு. வனத்துறை அனுமதியோடு கணக்கெடுக்கிறவர்கள் தலைவிளக்கில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளை ஒளி பட்டால் அதன் கண் கூசும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், விளக்கு பட்டுக் கண் மின்னுவது தெரியாமல் 'இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது.

இடத்தை வெளியில் சொல்லாதீர்கள். பார்த்த உயிரினங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளங்கள் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே சுமார் 20 கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக்கிவிடும். ஆனால் குறிப்பில் 'கோயிலுக்குப் பின்னால் உள்ள ஓடை' என்று எழுதினாலோ, படத்தில் ஊர்ப் பலகை தெரிந்தாலோ அந்தப் பாதுகாப்பு போயிற்று. மந்திரம், மருந்து என்று சொல்லிப் பிடிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கண்மாய்

பறவைக் கணக்கு கண்மாயில் தொடங்குவதுதான் எளிது. நம் பக்கத்து நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் சரிகிறது. ஆகவே கரை கிழக்கே, தண்ணீர் வந்து சேரும் உள்வாய் மேற்கே. விடியற்காலையில் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். அதே கரையில் சாயங்காலம் நின்றால் எல்லாம் கருப்பு நிழல்தான். சாயங்காலக் கணக்கை உள்வாய்ப் பக்கம் நின்று எடுங்கள். கேட்கச் சின்ன விஷயம். நீலச்சிறகு வாத்தையும் ஊசிவால் வாத்தையும் பிரித்து எழுத முடியாமல் 'வாத்து 200' என்று முடிந்த பட்டியல்களில் பாதி இந்தத் தவறால் வந்தவை.

சூரியன் உதித்த அரைமணிக்குள் ஆரம்பித்து எட்டரைக்குள் முடியுங்கள். 8x42 பைனாகுலர் போதும். 10x எடுத்தால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். ஓரிடத்தில் நின்று குறைந்தது 15 நிமிடம், இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை கண்ணை ஓட்டி எண்ணுங்கள். திரும்ப வலமிருந்து இடமாக எண்ணிக் கூட்டினால் இரட்டைக் கணக்கு. பெருங்கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து பார்வையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, கூட்டம் முழுக்க அந்த அளவை வைத்துக்கொண்டே போங்கள். கூட்டத்தின் ஓரத்தில் பறவைகள் விலகி நிற்கும், நடுவே நெருங்கி நிற்கும். ஓரத்தில் அளவெடுத்தால் கணக்கு குறையும். செல்போன் ஆப் குரலைக் கேட்டுப் பெயர் சொன்னால் அது துப்பு மட்டும்தான், கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

வெள்ளைக் கொக்கு என்று ஒரே பெயரில் நான்கு பறவையை எழுதிவிடுகிறார்கள். சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்கு கட்டையான மஞ்சள் அலகோடு மாட்டின் பின்னாலேயே நடக்கும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் கஷ்டம். அலகின் வாய்க்கோட்டைப் பாருங்கள், கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம்.

எந்தப் பறவை வரும் என்பதை முடிவு செய்வது தண்ணீரின் ஆழம். சின்ன உள்ளான்களுக்கு ஈரச் சேறு முதல் 5 செ.மீ. வரை. நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண். கொக்குகளுக்கும் அரிவாள் மூக்கனுக்கும் முழங்காலுக்குக் கீழே. மஞ்சள் மூக்கு நாரை அதைவிடக் கொஞ்சம் ஆழத்தில் அலகைத் திறந்து வைத்துத் துழாவும். தலையை மட்டும் முக்கி மேயும் வாத்துகளுக்கு ஓரடி. நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் மட்டும்தான் ஆள் ஆழம் வேண்டும். ஆகவே ஒரு நல்ல கண்மாய் என்பது உள்வாயிலிருந்து மடை வரைக்கும் மெதுவாகச் சரிய வேண்டும். தூர்வாருகிறோம் என்று கிண்ணம்போல் நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிவிட்டால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், நீர்க்காகமும் முக்குளிப்பானும் தவிர மற்றவை வராது. தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. மடையை ஒட்டி ஆழப்படுத்துங்கள், உள்வாய்ப் பக்கம் சரிவை அப்படியே விடுங்கள். பத்தடிக்கு ஓரடிக்கு மேல் இறங்காத சரிவு போதும். எடுத்த மண்ணை நடுவில் ஒரு திட்டாகப் போட்டு, முழுக் கொள்ளளவுக்கு அரை மீட்டர் மேலே நிற்கும்படி விட்டால் அங்கே கருவேலம் வளரும், நாயும் மனிதரும் போக முடியாத கூடு கட்டும் இடமாகிவிடும்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகள் கூடு வைப்பது இப்படிக் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில்தான். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளி வரும் ஐப்பசியில்தான் பறவைகள் வந்து இறங்க ஆரம்பிக்கின்றன, அந்த நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் அவை வேறு கண்மாய் தேடிப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சீமைக்கருவேலத்தை எடுக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். எடுக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. தரையோடு வெட்டினால் போதாது, அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும். மண்ணுக்குள் ஓரடி வரை தோண்டி வேர்க்கழுத்தோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய குழியை மூட வேண்டும். ஆடு மாடு தின்ற காயின் விதை சாணியில் வந்து முளைக்கும் என்பதால் அடுத்த மூன்று மழைக்காலமும் தை மாதத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே, நாற்றுகளைக் கையால் பறிக்க ஆள் வேண்டும். பெரும்பாலான இடங்களில் முதல் வருடம் ஜே.சி.பி.க்குப் பணம் இருக்கும், மூன்றாம் வருடம் கையால் பறிக்கக் கூலி இருக்காது. அங்கேதான் வேலை தோற்கிறது. கண்மாய்க்குள் கொக்கும் நாரையும் அதே மரத்தில் கூடு வைத்திருந்தால் ஒரேயடியாக எடுக்காதீர்கள். குஞ்சுகள் பறந்த பிறகு, சித்திரைக்கும் புரட்டாசிக்கும் நடுவில், வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக எடுத்து, எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் ஏறி வர விட வேண்டும்.

மீன் பக்கமும் ஒரு வார்த்தை. மதுரையில் அயிரை மீன் குழம்புக்கு இருக்கும் மதிப்பு ஊருக்கே தெரியும். அயிரை அடிமண்ணில் மேய்கிற மீன், மணலும் சேறும் கலந்த தரை வேண்டும், வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குக் கண்மாய் ஏற வேண்டும். வரத்துக்காலைச் சிமென்ட் போட்டு, கண்மாயில் ஜிலேபிக் கெண்டையை விட்டு, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் யாரோ கொண்டுவந்து கொட்டிய பிறகு அயிரை எங்கே என்று தேடிப் பயனில்லை. கண்மாய்ப் பட்டியலில் மீன்களை எழுத ஒரே நல்ல நாள், தண்ணீர் வற்றி ஊர் கூடி மீன் பிடிக்கிற நாள். கூடை கூடையாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், பெரியவர்கள் பெயரும் சொல்வார்கள்.

ஐப்பசியில் வீட்டுக்குள் வந்து விழும் தோட்டக்கள்ளனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆறுமணிக்குருவி என்றும் பெயர், காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடும். மத்திய இந்தியாவிலும் இமயத்தின் அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவு நேரத்தில் பறந்து தெற்கே வருகிறது, களைத்துப்போய் மதுரைக்குள் மொட்டை மாடியிலும் வராந்தாவிலும் விழும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் பார்த்து யாரோ வளர்த்த பறவை என்று கூண்டில் போட்டுவிடுகிறார்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துவிடும். அரிசியும் தின்னாது, அதன் உணவு புழு பூச்சி. ஒரு அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து, பறவையை வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விட்டுவிடுங்கள். அந்தி சாயும் நேரத்தில் சருகும் புதரும் உள்ள தோட்டத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தால் தானே நடந்து போகும். சிறகு தொங்கினால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எழுதிய பட்டியல் எங்கே போக வேண்டும்

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் பதிவேடு இருக்கிறது, ஆனால் பக்கத்து ஊர்ப் பதிவேட்டை அப்படியே பார்த்து எழுதியது. அந்த ஊரில் இல்லாத தேக்கும் சந்தனமும் இருக்கும், மறுகால் ஓரத்தில் நிற்கும் மருது இருக்காது. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டு உயிர்கள் மட்டும் இல்லை, புலிக்குளம் கிடைமாடு, ஊரில் இன்னும் விதைக்கும் நாட்டு நெல், அரப்பு இடிப்பவர் எந்த மரத்தில் இலை பறிக்கிறார் என்பதுவரை அதில் இடம் உண்டு.

இந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு மேலூர் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு குன்று, சுனைகள், கண்மாய்கள், சமணப் படுகை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில். குன்றின் பாறை இடுக்கில் வல்லூறு, அடியில் அலங்கு என்கிற எறும்புத்தின்னியும் தேவாங்கும். அங்குள்ள மக்களும் பறவை பார்ப்பவர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பட்டியலில் 250 வகைப் பறவைகள் இருந்தன. அதன் அடிப்படையில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலுமாகச் சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. திரண்ட மக்கள்தான் அதைச் செய்தார்கள். அவர்கள் கையில் 'இது பொட்டல் இல்லை' என்று காட்ட எழுத்தும் இருந்தது. 2025 மார்ச்சில் நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோவில் காடு இரண்டாவது தலமானது. ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. அந்த அளவுக் கோயில்காடு எத்தனை ஊரில் பெயரில்லாமல் கிடக்கிறது.

ஆரம்பிக்க நல்ல நாள் பொங்கல். 2015-லிருந்து அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 15 நிமிடப் பட்டியலை இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் ஏற்றினால் போதும். காப்புக்கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறிக்கப் போகும் அதே பொட்டலில் நின்றே எடுக்கலாம். பறிக்கும்போது அந்த இடத்தில் பூளை எவ்வளவு இருக்கிறது என்பதையும் தேதி போட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட உதவும்.